இல்லாத கிழிசல்

(மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"மூட்டு வலியைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று கூப்பிட்டார்கள். நான் மூட்டுக்கு மருந்து கொடுக்கிறவன் இல்லை. மூட்டின் படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவன். சமையல்காரரை விட்டுவிட்டு சர்வரை மேடை ஏற்றின கதைதான். ஆனாலும் எந்த இலையில் எது மிஞ்சுகிறது என்பது சர்வருக்குத்தானே தெரியும்? அந்தத் தைரியத்தில் வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு டீச்சர் என்னிடம் வந்தார். கரும்பலகையில் எழுதி எழுதி வலது தோள்பட்டையில் வலி. வேறோர் இடத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஃபிலிமும் அறிக்கையும் கையில் இருந்தன. தோளின் மேல்புறத் தசைநாணில் கிழிசல் இருக்கலாம் என்று அறிக்கை சொன்னது. ஆபரேஷனுக்கு லீவு போடுவதா, பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுவதா என்பதுதான் அவருடைய கவலை. ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்டினேன். தசைநாண் வளைந்து இறங்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. ஆனால் ஒரு வரிசைப் படங்களில்தான் அது இருந்தது. இன்னொரு வரிசையில் அதே இடம் கருப்பாக, ஒழுங்காக இருந்தது. "டீச்சர், இங்கே கிழிசல் இல்லை" என்றேன். அவர் சந்தோஷப்படவில்லை. "அப்போ மெஷின் பொய் சொல்லுதா சார்?" என்று கேட்டார்.

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நியாயமாகச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் அறையில் இதற்கு ஆர்ட்டிஃபாக்ட் என்று பெயர். நான் பொய்த்தடம் என்று சொல்லிக்கொள்கிறேன். மண்ணில் கால் பதிந்த தடம் தெரிகிறது, ஆனால் அந்த வழியாக யாரும் நடக்கவில்லை. உடம்பில் இல்லாத ஒன்று படத்தில் தெரிவதும், இருக்கிற ஒன்று படத்தில் மறைவதும் பொய்த்தடமே. எலும்பு, மூட்டு, தசைப் படங்களில் இது அதிகம். அங்கே நாங்கள் தேடுகிற ஜவ்வும் தசைநாணும் மில்லிமீட்டர் கணக்கில் மெல்லியவை. அவற்றில் கிழிசலா இல்லையா என்பதை ஒரு கோடு, ஒரு நிற மாற்றம்தான் தீர்மானிக்கும்.

முதலில் படம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். எம்.ஆர்.ஐ. கேமரா இல்லை. எக்ஸ்ரே மாதிரி ஒரு பக்கம் ஒளியை விட்டு மறுபக்கம் நிழலைப் பிடிப்பதும் இல்லை. அது காது கொடுத்துக் கேட்கிற இயந்திரம். நம் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் கருவும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து, வானொலி அலையால் ஒரு தட்டுத் தட்டினால், அவை திரும்ப ஒரு மெல்லிய குரல் கொடுக்கும். 1.5 டெஸ்லா காந்தம் என்றால் அது நம் ஊரில் பூமியின் காந்தப்புலத்தைப்போல 30,000 மடங்குக்கும் மேல். அதற்குள் ஹைட்ரஜனின் குரல் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லாவில் சுமார் 128.

இந்த எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். நீங்கள் கேட்கும் எஃப்.எம். வானொலி 88-க்கும் 108-க்கும் நடுவில் இருக்கிறது. விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவது 118-லிருந்து 137 வரை. ஆக, மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானி பேசும் அதே தெருவில்தான் 3 டெஸ்லா இயந்திரத்துக்குள் உங்கள் முழங்காலும் பேசுகிறது. முழங்காலின் குரலோ கிசுகிசு. அதற்காகத்தான் ஸ்கேன் அறையைச் சுற்றி முழுக்கச் செப்புத் தகடு அடிக்கிறோம். கதவு ஒரு விரற்கடை சரியாக மூடாமல் போனால் வெளி அலை உள்ளே புகுந்து, படத்தின் குறுக்கே ஜிப் வைத்துத் தைத்தாற்போல ஒரு கோடு விழும். இந்தப் பொய்த்தடத்துக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். கதவைச் சாத்தினால் போதும்.

சரி, குரல் கேட்டுவிட்டது. அது உடம்பின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? அதற்குக் காந்தப்புலத்தை வேண்டுமென்றே ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்றி, மறுபக்கம் கொஞ்சம் இறக்கி, ஒரு சரிவு உண்டாக்குகிறோம். ஏற்றமான பக்கத்து ஹைட்ரஜன் உச்ச சுருதியில் பேசும், இறக்கமான பக்கம் கீழ்ச் சுருதியில். சுருதியே முகவரி. 1973-இல் பால் லாட்டர்பர் இந்தச் சரிவை வைத்துப் படம் வரையலாம் என்று காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதற்கான கணக்கையும் வேகத்தையும் கொடுத்தார். இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இலையில் அப்பளம் ஒன்று உடைந்தால் அந்த அப்பளம்தான் உடைந்தது, பக்கத்துப் பொரியலுக்கு ஒன்றும் ஆகாது. புகைப்படம் அப்படி. லென்ஸின் மேல் ஒட்டிய தூசு அந்த மூலையைத்தான் கெடுக்கும். எம்.ஆர்.ஐ. சாம்பார் மாதிரி. எந்த ஓரத்தில் உப்புக் கொட்டினாலும் எல்லாக் கரண்டியிலும் கரிக்கும். இயந்திரம் சேகரிக்கும் ஒவ்வொரு அளவீட்டிலும் முழங்கால் முழுவதும் கலந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான அளவீடுகளை மூன்று நான்கு நிமிஷத்தில் சேர்த்து, கடைசியில் கணக்குப் போட்டுப் படத்தைப் பிரித்தெடுக்கிறது. நடுவில் நீங்கள் ஒருமுறை இருமினால் அந்த இருமல் படம் முழுக்கப் பரவும்.

கணக்குப் போடும்போது இயந்திரம் நான்கு விஷயங்களை நம்புகிறது. நீங்கள் ஆடவில்லை. கேட்க வேண்டிய அளவு கேட்டாயிற்று. பேசுவதெல்லாம் நீர். காந்தப்புலம் நாம் வைத்தபடியே இருக்கிறது. இந்த நான்கில் எது பொய்த்தாலும் ஒரு பொய்த்தடம் விழும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் நம்பிக்கை, நீங்கள் ஆடவில்லை என்பது. ஸ்கேன் கெடுவதற்கு எங்கும் உள்ள முதல் காரணம் அசைவுதான். முழங்கால் வலிக்காரரை, காலை நேராக நீட்டிக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் படு என்றால் எப்படி? வலி இருப்பதால்தானே வந்திருக்கிறார்! இதற்கு மருந்து மிகச் சாதாரணமானது. முழங்காலின் கீழ் ஒரு சின்னத் திண்டு. இரு பக்கமும் பஞ்சணை. உள்ளே போகுமுன் பாத்ரூம். இன்னொன்று, பேச்சு. "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று மைக்கில் அதட்டினால் ஆள் இன்னும் விறைப்பார். "இந்தச் சத்தம் மூணு நிமிஷம். நின்னதும் சொல்றேன், கொஞ்சம் தளர்த்திக்கலாம். அப்புறம் அடுத்தது" என்று சொல்லும் டெக்னீஷியனின் படங்கள் எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும். நம் பக்கத்தில் புத்தூர்க் கட்டோடு வருகிறவர்களும் உண்டு. கட்டின் பருமனால், குரலைப் பிடிக்கும் 'காயில்' என்ற கம்பிச் சுருள் காலோடு நெருங்கி உட்காராது, குரல் இன்னும் தேய்ந்து கேட்கும். கட்டை அவிழ்க்கலாமா என்று கட்டியவரிடம் கேட்டுக்கொண்டு வருவது நல்லது.

நீங்கள் சிலைபோலக் கிடந்தாலும் உங்களுக்குள் ஆடுவது ஒன்று உண்டு. முழங்காலின் பின்குழியில் ஒரு பெரிய ரத்தக் குழாய் துடித்துக்கொண்டே இருக்கிறது. அதன் துடிப்பு ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் பேய்ப் பிம்பங்களாகச் சிதறும். அந்தத் திசையை முன்-பின்னாக வைத்தால், சிதறல் நேராக மூட்டின் நடுவில் விழுந்து ஜவ்வை மறைக்கும். மேல்-கீழாக மாற்றிவிட்டால் சிதறல் மூட்டை விட்டு விலகி ஓடிவிடும். துடிப்பை நிறுத்த முடியாது, அது எங்கே விழவேண்டும் என்பது நம் கையில். பட்டாசு வெடிக்கத்தான் போகிறது, வைக்கோல் போரைப் பார்த்துத் திருப்பி வைக்காதே என்பதுபோல. கழுத்து எலும்பைப் படம் எடுக்கும்போது எச்சில் விழுங்குவதும் இதே கதை. அங்கே தொண்டைப் பகுதியின் குரலை முன்கூட்டியே அடக்கிவைக்க ஒரு பட்டை போடுகிறோம். 1999-இல் ஜேம்ஸ் பைப் என்பவர் அளவீடுகளை விசிறி இறக்கைபோலச் சுற்றிச் சுற்றி எடுக்கும் முறையை வெளியிட்டார். ஒவ்வொரு இறக்கையும் நடுப்பகுதியைத் திரும்பத் திரும்ப அளப்பதால், இடையில் எவ்வளவு நகர்ந்தார் என்று கண்டுபிடித்துத் திருத்திவிட முடிகிறது. நடுங்கும் கையுள்ள முதியவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

இரண்டாவது நம்பிக்கை, கேட்கவேண்டிய அளவு கேட்டுவிட்டோம் என்பது. சுவர்க் கடிகாரத்தில் 13 மணி கிடையாது, முள் போய் 1-இல் நிற்கும். நாம் ஒதுக்கிய சட்டத்துக்கு வெளியே இருக்கும் உடம்பும் அப்படித்தான். அது மறைந்துபோகாமல் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து உட்காரும். ஒரு முழங்காலை மட்டும் எடுக்கிறோம் என்று சட்டத்தைக் குறுக்கினால், அடுத்த காலின் ஓரம் இந்த மூட்டின் மேல் வந்து படியும். கொஞ்சம் அகலமாகக் கேட்டுவிட்டு, மிகையை வெட்டி எறிந்தால் சரியாகிவிடும். அதற்குச் சில சமயம் கூடுதல் நேரம் ஆகும்.

இதைவிட விஷமமான இன்னொன்று இருக்கிறது. கருப்பும் வெள்ளையும் சட்டென்று சந்திக்கும் விளிம்பை வரைய, முடிவில்லாத நுணுக்கத்தோடு அளக்க வேண்டும். நாம் ஓர் அளவோடு நிறுத்திவிடுகிறோம். அதனால் விளிம்பை ஒட்டிக் குளத்து அலைபோல மெல்லிய இணைகோடுகள் விழும். அந்தக் கோடு முழங்காலின் அரைவட்ட ஜவ்வுக்குள் விழுந்தால் கிழிசல் மாதிரியே இருக்கும். தண்டுவடத்தில் விழுந்தால் நடுவில் நீர் தேங்கியதுபோல இருக்கும். அளவீடுகளைக் கூட்டி, புள்ளிகளைச் சிறிதாக்கினால் கோடுகள் மெலிந்து நெருங்கி விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் அளவீட்டைக் குறைத்து நேரத்தை மிச்சம் பிடிக்கும் இடங்களில் இந்தக் கோடு அடிக்கடி எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது, பேசுவதெல்லாம் நீர் என்ற நம்பிக்கை. கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜன் நீரைவிட ஒரு துளி தாழ்ந்த சுருதியில் பேசும். பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்குதான் வித்தியாசம். 1.5 டெஸ்லாவில் அது சுமார் 220 ஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் 440. ஆனால் சுருதிதானே முகவரி? அதனால் கொழுப்பெல்லாம் உண்மையான இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வரையப்படும். எலும்பின் உள்ளே கொழுப்பு மஜ்ஜை, அதன் மேல் நீர் நிறைந்த குருத்தெலும்பு. இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் ஒரு பக்கம் கறுப்புக் கோடு, மறுபக்கம் வெள்ளைக் கோடு. குருத்தெலும்பு தேய்ந்ததாகவோ, எலும்புத் தோடு தடித்ததாகவோ தோன்றும்.

இங்கே சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான ஓர் உதாரணம். நம் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று ஒரு குழப்பம் உண்டல்லவா? வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண் இருக்கும்போது தபாலில் இரண்டு எண் பிசகினால் கடிதம் இரண்டு வீடு தள்ளிப் போய்விடும். அதே வீடுகளுக்கு 100, 200, 300 என்று எண் கொடுத்திருந்தால்? 202 என்று தப்பாக எழுதியிருந்தாலும் தபால்காரர் 200-இல்தான் போடுவார். எங்கள் இயந்திரத்திலும் இதைச் செய்யலாம். சரிவைச் செங்குத்தாக்கி, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே சுருதி வித்தியாசத்தை அகலமாக்குவது. பாண்ட்விட்த்தைக் கூட்டுவது என்போம். புள்ளிக்கு 110 ஹெர்ட்ஸ் என்றால் 1.5 டெஸ்லாவில் கொழுப்பு இரண்டு புள்ளி தள்ளிப்போகும். 440 என்றால் அரைப் புள்ளிதான். விலையும் உண்டு. அகலமாகக் கேட்டால் இரைச்சலும் சேர்ந்து வரும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் படத்தின் தெளிவு சுமார் 70 சதவீதமாக இறங்கும். எங்கள் தொழிலில் இனாமாகக் கிடைக்கும் திருத்தம் குறைவு. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும்.

இந்தக் கொழுப்புக் குழப்பத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. 1984-இல் தாமஸ் டிக்சன் என்பவர் இதை எதிரியாகப் பார்க்காமல் கையாளாக்கிக்கொண்டார். இரண்டு குரலும் வேறு வேகத்தில் ஓடுவதால் ஒரு கணம் சேர்ந்து ஒலிக்கும், இன்னொரு கணம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இரண்டு கணத்திலும் கேட்டுவைத்துக்கொண்டால் கூட்டிக் கழித்து நீரை மட்டும் ஒரு படமாகவும், கொழுப்பை மட்டும் ஒரு படமாகவும் பிரிக்கலாம். முதுகெலும்பில் ஒரு சந்தேகத் திட்டு. கிழவர்களுக்கு வரும் சாதாரண மஜ்ஜை மாற்றமா, புற்றுநோயா? சாதாரண மஜ்ஜையில் கொழுப்பும் நீரும் கலந்திருப்பதால், எதிரெதிராக ஒலிக்கும் கணத்தில் அந்த இடம் மங்கும். கட்டி வந்து கொழுப்பை விரட்டியிருந்தால் அவ்வளவாக மங்காது. பிழை என்று ஒதுக்கியது நோயாளிக்கு ஒரு பயாப்ஸியை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது.

நான்காவதுதான் பெரியது: காந்தப்புலம் நாம் வைத்தபடி இருக்கிறது என்ற நம்பிக்கை. இதை உடைப்பது உலோகம்.

நம் வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் டூவீலரிலிருந்து விழுந்து தொடையெலும்பில் ராடு வைத்துக்கொண்ட பையன். கணுக்காலில் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்த சித்தப்பா. இரண்டு முழங்காலும் மாற்றிக்கொண்ட அத்தை. இவர்களுக்கு மறுபடி வலி வந்தால், உலோகத்துக்குப் பக்கத்தில்தான் நாங்கள் பார்க்க வேண்டும். "உள்ளே கம்பி இருக்கு, ஸ்கேன் எடுக்கக் கூடாதாமே?" என்று கேட்கிறார்கள். எலும்பில் ஊன்றி முறுக்கிய இன்றைய உலோகங்கள் பெரும்பாலானவற்றோடு, விவரம் தெரிந்திருந்தால், உரிய நிபந்தனைகளோடு ஸ்கேன் எடுக்க முடியும். ஆனால் படம்?

உலோகம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை வளைத்துவிடும். வளைந்த இடத்தில் சுருதி மாறும், முகவரி மாறும். பத்து வீட்டுக் கடிதமும் ஒரே வீட்டு வாசலில் குவியும், மற்ற ஒன்பது வீட்டுக்கும் ஒன்றும் வராது. குவிந்த இடம் படத்தில் கண் கூசும் வெள்ளை, காலியான இடம் கறுப்புக் குழி. ஸ்க்ரூ ஒரு விரல் நுனி அளவுதான், குழியோ எலுமிச்சம்பழ அளவு. எஃகு காந்தப்புலத்தை மிக அதிகம் வளைக்கும். கோபால்ட்-குரோமியம் நடுத்தரம். டைட்டானியம் குறைவு, எஃகோடு ஒப்பிட்டால் சுமார் 20-இல் ஒரு பங்கு. எஃகு விலை குறைவு என்பதால் நம் ஊரில் பலரின் எலும்பில் இருப்பது எஃகுதான். ஆகவே உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன உலோகம் என்று எழுதியிருந்தால், அந்தக் காகிதம் எங்களுக்குத் தங்கம்.

இதைக் குறைக்க என்ன செய்கிறோம்? முதல் முடிவு, எந்தக் காந்தம் என்பது. தாம்பரம், வேளச்சேரி, பல்லாவரம் பக்கம் ஸ்கேன் சென்டர் விளம்பரங்களில் "3 டெஸ்லா" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். குருத்தெலும்பையும் சின்ன மூட்டுகளையும் நுணுக்கமாகப் பார்க்க 3 டெஸ்லா அருமையானது, சந்தேகமே இல்லை. ஆனால் காந்தம் இரட்டிப்பானால் உலோகத்தின் வளைப்பும் இரட்டிப்பாகும். உள்ளே பிளேட் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் 1.5 டெஸ்லாதான் பொருத்தம். அண்மையில் 0.55 டெஸ்லா இயந்திரங்களும் வந்திருக்கின்றன. உலோகத்துக்குப் பக்கத்தில் பார்க்க அவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. பெரிய எண்ணே நல்ல எண் என்று நினைக்க வேண்டாம்.

பிறகு, நான் சொன்ன வீட்டு எண் தந்திரம், அகலமான பாண்ட்விட்த். உடம்பை மெல்லிய துண்டு துண்டாகப் படம் எடுப்பது. சிதறிய குரலை ஒரு திருப்பலில் மீண்டும் ஒன்றுகூட்டும் ஸ்பின் எக்கோ முறை. கொழுப்பை அடக்குவதிலும் கவனம் வேண்டும். கொழுப்பின் சுருதியைக் குறிபார்த்து அடக்கும் வழக்கமான முறை உலோகத்துக்குப் பக்கத்தில் குறி தப்பும். சில இடத்தில் கொழுப்பை விட்டுவிட்டு நீரை அடக்கிவிடும். 1985-இல் பைடரும் யங்கும் வெளியிட்ட ஸ்டிர் முறை சுருதியைப் பார்ப்பதில்லை, கொழுப்பு எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று பார்க்கிறது. அதனால் உலோகத்தின் பக்கத்திலும் அது ஓரளவு நிதானமாக நிற்கும். 2009-இல் இன்னும் இரண்டு முறைகள் வந்தன. செமாக் என்பது ஒவ்வொரு துண்டின் குரலும் எந்தெந்தப் பக்கத்துத் துண்டுக்கு வழிதவறிப் போனது என்று கூடுதலாக அளந்து திருப்பிக் கொண்டுவரும். மாவ்ரிக் என்பது பல சுருதிகளில் தனித்தனியாகக் கேட்டு ஒன்றாகச் சேர்க்கும். மாற்று மூட்டைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா, எலும்பு அரிக்கிறதா என்று பார்க்க இவை வழி திறந்தன. நேரம் அதிகம் பிடிக்கும், அந்த மென்பொருள் எல்லா சென்டரிலும் இருக்காது. அதனால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "இந்த இடத்தில் கம்பி இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். மேஜையில் படுத்த பிறகு சொன்னால் இத்தனை ஏற்பாடும் முடியாது.

உலோகம் எலும்புக்குள்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நம் பெண்கள் தாலிச் சரட்டில் நாலைந்து ஊக்கு கோத்து வைத்திருப்பார்கள், அவசரத்துக்கு உதவும் என்று. தோளையோ கழுத்தையோ படம் எடுக்கும்போது ஓர் ஊக்கு போதும், பாதிப் படத்தை விழுங்கிவிடும். அதைவிட, காந்தம் அதை இழுக்கும். அரைஞாணில் கோத்த தாயத்து, ஹேர்பின், பிரா கொக்கி எல்லாம் இதே கணக்கு. "தாலியைக் கழற்றச் சொல்றாங்களே" என்று முகம் சுருங்கும் அம்மாக்களிடம் நான் சொல்வது இதுதான்: நகை உங்கள் வீட்டுக்காரர் கையில் பத்திரமாக இருக்கட்டும், ஊக்கு என் காந்தத்தில் வேண்டாம். இது விளையாட்டில்லை. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஆக்சிஜன் சிலிண்டரோடு நுழைந்த நோயாளியின் உறவினர் ஒருவர் உயிரிழந்தார். பொய்த்தடம் படத்தைத்தான் கெடுக்கும், அலட்சியம் ஆளையே கொண்டுபோகும்.

காந்தத்தைத் தொந்தரவு செய்யும் இரும்பு அறைக்கு வெளியிலும் ஓடுகிறது. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் ஊர் நம்முடையது. ஓர் இடத்தில் காந்தம் வைக்குமுன், தண்டவாளம் எவ்வளவு தூரம், கனரக லாரி எங்கே திரும்புகிறது, லிஃப்ட் எந்தச் சுவருக்குப் பின்னால் என்றெல்லாம் அளப்பார்கள். நகரும் பெரிய இரும்பு புலத்தைக் குலுக்கும், அதிர்வு படத்தைக் குலுக்கும். நல்ல படத்தின் வேலை கட்டடம் எழும்புமுன்பே தொடங்கிவிடுகிறது.

இப்போது டீச்சரின் தோளுக்கு வருகிறேன். அங்கே நான்கு நம்பிக்கைகளில் எதுவும் உடையவில்லை. அவர் ஆடவில்லை, கம்பி இல்லை, கொழுப்பின் குழப்பமும் இல்லை. பிறகு அந்த வெள்ளைத் திட்டு எங்கிருந்து வந்தது?

பதிலுக்கு ஒரு சின்ன ரயில் பயணம் போக வேண்டும். தாம்பரத்தில் ஏறினால் இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனி அங்கே தோல் பதனிட்டதால் வந்த பெயர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். குரோமியம் உப்பு எதைப் பிடித்துத் தோலைப் பதப்படுத்துகிறது? கொலாஜன் என்ற புரதத்தை. தோலும் கொலாஜன், தசைநாணும் கொலாஜன். இன்னும் ஆறு நிலையம் போனால் கிண்டி. அங்கே சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் 1952-இல் வந்து சேர்ந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் என்பது மூன்று இழைகள் பின்னிய முறுக்கு என்று 1954-இல் நேச்சர் இதழில் எழுதினார். அவர்கள் எக்ஸ்ரேயில் பார்த்த பொருள்களில் ஒன்று கங்காரு வாலின் தசைநாண். அதே ராமச்சந்திரன் பின்னாளில் பெங்களூர் போய், 1971-இல் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து எழுதிய கணக்குதான் சி.டி. ஸ்கேன் படங்களை வேகமாகக் கட்டியெழுப்பும் முறைக்கு அடித்தளங்களில் ஒன்று. தசைநாணின் உள்ளமைப்பும் உடம்பைப் படமாக்கும் கணக்கும் ஒரே மனிதரின் மேஜையில் இருந்தன என்பது நம் ஊர்ப் பக்கத்துப் பெருமை.

அந்த முறுக்கிய இழைகள் தசைநாணில் ஒரே திசையில் அடுக்கியிருக்கின்றன. அவற்றின் பிடியில் நீர் இருக்கிறது. பிடி இறுக்கமானதால் அந்த நீரின் குரல் எழும்பும்போதே அடங்கிவிடும். அதனால்தான் நல்ல தசைநாண் படத்தில் கறுப்பு. ஆனால் இழைகள் பெரிய காந்தத்தின் திசைக்கு சுமார் 55 பாகை சாய்ந்து நின்றால், இயற்பியல் கணக்குப்படி அந்தப் பிடி தளர்ந்துவிடும். அடங்க வேண்டிய குரல் கொஞ்ச நேரம் கூடுதலாக ஒலிக்கும். கறுப்பு வெள்ளையாகும். ஆங்கிலத்தில் மாஜிக் ஆங்கிள் என்று பெயரே வைத்துவிட்டார்கள், நாம் மாயக்கோணம் என்போம். தோளின் மேல்புறத் தசைநாண் வளைந்து இறங்கும்போது ஓரிடத்தில் இந்தக் கோணத்தைக் கடக்கிறது. கணுக்கால் எலும்பைச் சுற்றித் திரும்பும் தசைநாண்களும் அப்படித்தான்.

இதைக் கண்டுபிடிக்க வழி பொறுமை. அவசரமாகக் கேட்கும் வரிசைகளில்தான் மாயக்கோணம் பிரகாசிக்கும். கொஞ்சம் தாமதித்துக் கேட்கும் வரிசையில் அந்தக் குரல் அடங்கி, தசைநாண் மறுபடி கறுப்பாகிவிடும். உண்மையான கிழிசலில் தேங்கிய நீரோ எவ்வளவு தாமதித்தாலும் பேசிக்கொண்டே இருக்கும். கணுக்கால் என்றால் பாதத்தைக் கொஞ்சம் நீட்டி வைத்து மறுபடி எடுத்தால் கோணம் மாறித் திட்டு மறையும். டீச்சரின் ஃபிலிமில் நான் பார்த்தது இவ்வளவுதான். ஒரு வரிசையில் வெள்ளை, இன்னொன்றில் கறுப்பு. வலி உண்மை, கிழிசல் உண்மையில்லை. அவருக்குத் தேவைப்பட்டது பிசியோதெரபி.

பலர் கேட்பார்கள், இனி இதையெல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கொள்ளாதா என்று. நன்றாகவே உதவுகிறது. குறைந்த அளவீட்டிலிருந்து தெளிவான படம் கட்ட அது கற்றிருக்கிறது. 2018-இல் நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து இதற்கென்று முழங்கால் ஸ்கேன்களின் மூலத் தரவையே உலகுக்குத் திறந்துவிட்டன. நேரம் குறைந்தால் ஆட்டமும் குறையும், வலிக்காரருக்குப் பெரிய உபகாரம். ஆனால் இரைச்சலைத் துடைக்கும் கை சில சமயம் மெல்லிய கிழிசலையும் சேர்த்துத் துடைத்துவிடும், அல்லது இல்லாத ஒரு மடிப்பை அழகாக வரைந்துவிடும். பழைய பொய்த்தடங்களுக்கு ஒரு முரட்டு அடையாளம் இருந்தது, கோடு, குழி, பேய் என்று. இந்தப் புதிய பொய்த்தடம் உண்மையைப் போலவே உடுத்திக்கொண்டு வரும். அதனால் படிக்கிறவரின் கண்ணுக்கு வேலை குறையாது, கூடும்.

நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது இதுதான். ஸ்கேனுக்குப் போகும்போது பழைய படங்களையும் ஆபரேஷன் காகிதங்களையும் எடுத்துப் போங்கள். உள்ளே என்ன உலோகம், எந்த இடத்தில் என்று முதலிலேயே சொல்லுங்கள். மூட்டுக்குள் துளை போட்டு ஆபரேஷன் நடந்திருந்தாலும் சொல்லுங்கள், கருவியிலிருந்து உதிர்ந்த கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கூடப் படத்தில் புள்ளி போடும். எந்த இடத்தில் வலி என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அசையாமல் படுக்க முடியாது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், திண்டு வைப்பார்கள், வரிசையை மாற்றுவார்கள். அறிக்கை கைக்கு வந்ததும் நேரே ஆபரேஷன் தேதி குறிக்காதீர்கள். உங்கள் கையையும் காலையும் தொட்டு அசைத்துப் பார்த்த டாக்டரின் கண்டுபிடிப்போடு அது ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள்.

டீச்சர் கேட்டாரே, மெஷின் பொய் சொல்கிறதா என்று. இன்றைக்கு அவர் இந்த அரங்கில் இருந்தால் இப்படிச் சொல்வேன். இல்லை டீச்சர், அது வகுப்பில் முதல் பெஞ்சுப் பையன் மாதிரி. நாம் சொன்னதை அப்படியே நம்பும், நம்பியதை வைத்துப் பிசகாமல் கணக்குப் போடும். கணக்கில் தப்பு இருக்காது. கேள்வித்தாளில்தான் எங்கேயோ தப்பு இருக்கும். விடை விநோதமாக வந்தால் பையனை அடிக்காமல் கேள்வியைத் திருப்பிப் படிப்பது உங்களுக்குத் தெரியாததா?